விரிசல் விட்ட ஃபெண்டரை எபாக்சியும் பின்தகடும் வைத்துச் சரிசெய்வது

சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் வீல் ஆர்ச் ஓரத்தில் தொடங்கி மேல்நோக்கி மூன்று, நான்கு அங்குலம் ஓடும் விரிசல், பழைய கார்களின் முன்பக்க ஃபெண்டரில் (முன்சக்கரத்தை மூடும் வெளித்தகட்டில்) அடிக்கடி பார்க்கிற ஒன்று. பெரும்பாலும் அதன்மேல் பட்டி இழுத்து, தேய்த்து, பெயின்ட் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். பார்க்கப் புதுசு போல இருக்கும். சில மாதம் போனால் அதே இடத்தில் தலைமுடி போல ஒரு கோடு தெரியும். அடுத்து அந்தக் கோட்டை ஒட்டித் துருக்கறை படியும். கடைசியில் பட்டி பாளமாகப் பெயர்ந்து விழும்.

பட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. அது பள்ளத்தை நிரப்பச் செய்த பொருள். வண்டி ஓடும்போது தகட்டில் ஏறி இறங்கும் இழுவிசையைத் தாங்க அதனால் முடியாது. இரண்டு பாகங்களைக் கலந்து இறுகவைக்கும் பசையான எபாக்சியைக் கோட்டின்மேல் பூசினாலும் இதே கதிதான். விரிசலின் இரு உதடுகளுக்கும் நடுவே நிற்கிற பசைக்குத் தகட்டின் தடிமனான 0.7 மி.மீ. அகலம்தான் கிடைக்கிறது, அந்த அகலத்தில் எந்தப் பசையும் நிற்காது. வேலை நிலைக்க வேண்டுமென்றால், பின்பக்கம் ஒரு தகடு வைத்து, விரிசலின் இந்தப் பக்கத்துச் சுமை அந்தத் தகடு வழியாக மறுபக்கம் போய்ச் சேரும்படி செய்ய வேண்டும். எபாக்சி அந்தத் தகட்டைப் பரந்த பரப்பில் பிடித்துக்கொள்ளும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்வதற்குத்தான்.

வெல்டு வைத்தால் என்ன என்று கேட்கலாம். நல்ல கை இருந்தால் மிக் வெல்டிங் (கம்பி ஊட்டி மின்சாரத்தில் பற்றவைப்பது) நல்ல வழிதான். ஆனால் 0.7 மி.மீ. தகட்டில் சூடு பட்டால் நெளியும். இரு பக்கமும் பெயின்ட்டும் துத்தநாகப் பூச்சும் எரிந்துபோகும். பின்பக்கத்தில் அந்த எரிந்த இடத்திலிருந்தே துரு தொடங்கும். கேஸ் வெல்டிங் என்றால் நெளிவு இன்னும் மோசம். புதிதாகக் கற்பவர் கையில் எபாக்சி ஒட்டுதான் தகட்டுக்குக் குறைந்த சேதம் செய்யும்.

எதைத் தொடவே கூடாது

ஃபெண்டர், பானட்டின் வெளித்தகடு, டிக்கி மூடியின் வெளித்தகடு, கதவின் வெளித்தகடு ஆகியவற்றில் ஒட்டலாம். கதவுச் சட்டத்தின் தூண்கள், கதவுக்குக் கீழே ஓடும் சில், சேஸிஸ் ரெயில், சஸ்பென்ஷன் டவர், சீட் பெல்ட் பிடிக்கும் இடம், பானட்டின் கீலும் பூட்டும் மாட்டும் இடங்கள் ஆகியவற்றில் விரிசல் இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு, கம்பெனி சொல்லும் முறைப்படி வேலை செய்யும் பட்டறைக்குப் போங்கள். அங்கெல்லாம் தகடு மனித உயிரைத் தாங்குகிறது.

இது வெறும் எச்சரிக்கைப் பேச்சு இல்லை. அமெரிக்காவின் டெக்சாஸில் 2010 மாடல் ஹோண்டா ஃபிட் ஒன்றின் கூரைத் தகட்டை மாற்றிய பட்டறை, ஹோண்டா சொல்லியிருந்த, புள்ளி புள்ளியாகப் பற்றவைக்கும் ஸ்பாட் வெல்டுக்குப் பதிலாகப் பசை வைத்து ஒட்டியிருந்தது. அது தெரியாமல் அந்தக் காரைப் பிறகு வாங்கிய தம்பதி 2013 டிசம்பரில் விபத்தில் சிக்கிப் படுகாயம் அடைந்தார்கள். 2017இல் டல்லஸ் நடுவர் குழு, அந்தப் பட்டறையின் பங்காக 3.15 கோடி டாலர் இழப்பீட்டைச் சுமத்தியது. இன்றைய கார்களில் கம்பெனியே எவ்வளவோ இடங்களில் பசை வைக்கிறது என்பது உண்மை. ஆனால் அங்கே எந்த இடம், எந்தப் பசை, எத்தனை வெல்டோடு சேர்த்து என்பதெல்லாம் கணக்குப் போட்டு முடிவானது. நாம் ஊகித்து வைக்கிற பசை அந்தக் கணக்கில் சேராது.

ஃபெண்டரில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல கார்களில் அது போல்ட்டில்தான் நிற்கும். 10 நம்பர் ஸ்பேனர் இருந்தால் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்து வேலை செய்யலாம். வேலை கெட்டாலும் இன்னொரு ஃபெண்டர் வாங்கி மாட்டிவிடலாம். தொடங்குமுன் காந்தம் வைத்துப் பாருங்கள். சில மாடல்களில் ஃபெண்டர் பிளாஸ்டிக்கில் வரும், சிலவற்றில் அலுமினியம். இங்கே சொல்லும் முறை இரும்புத் தகட்டுக்கு.

விரிசல் ஏன் வந்தது

தகடு தானாகக் கிழியாது. அதை ஏதோ ஒன்று ஓயாமல் ஆட்டியிருக்கிறது. ஃபெண்டர் போல்ட் ஒன்று கழன்று விழுந்திருக்கலாம். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரின் கிளிப்கள் போய், லைனர் காற்றில் அடித்துக்கொண்டு ஃபெண்டரை இழுத்திருக்கலாம். பழைய மோதலில் பம்பர் பிராக்கெட் வளைந்து ஓரத்தை நெம்பிக்கொண்டிருக்கலாம். வீல் ஆர்ச்சின் உள்மடிப்பைச் சுத்தியலால் தட்டி மடக்கியிருந்தால், அங்கே பெயின்ட் வெடித்துத் துரு ஏறித் தகடு மெலிந்திருக்கும். ஃபெண்டரைக் கழற்றும்போதே எந்த போல்ட் லூசாக இருந்தது, எந்தத் துளை நீண்டுபோயிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் விட்டால், ஒட்டுத் தகட்டை ஒட்டியே அடுத்த விரிசல் வரும். ஒட்டிய இடம் கெட்டியாகிவிடுவதால் ஆட்டமெல்லாம் அதன் ஓரத்துக்குப் போய்விடுகிறது.

துரு எவ்வளவு என்றும் இப்போதே பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தினால் தகடு உள்ளே போகிறது என்றால் ஒட்டிப் பயனில்லை. துருப்பிடித்த பகுதியை வெட்டியெடுத்து நல்ல தகடு வைக்க வேண்டிய வேலை அது.

வாங்க வேண்டியவை

பசைதான் முதலில். நிதானமாகக் கெட்டியாகும் இரண்டு பாக எபாக்சி வேண்டும். பாடி ஷாப் பொருட்கள் விற்கும் கடைகளில் பேனல் பாண்டிங் அடெசிவ் என்று கார்ட்ரிட்ஜில் வருவது கிடைத்தால் அதுவே சிறந்தது. அதற்கு இரட்டைக் குழாய் கன் தேவைப்படும், விலையும் கூட. கிடைக்காவிட்டால் அரால்டைட் ஸ்டாண்டர்டு போதும். ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்சி வேண்டாம். அது சீக்கிரம் இறுகுகிறதே தவிர, ஈரத்திலும் வெயிலிலும் தளர்ந்துவிடும். வீல் ஆர்ச்சில் இரண்டும் உண்டு. எம்-சீல் போன்ற பிசையும் மாவு வகை குழாய் ஓட்டைக்கு நல்லது. அதை அப்பி வைக்கலாமே தவிர, இரண்டு தகட்டுக்கு நடுவே மெல்லிய படலமாகப் பரப்ப முடியாது.

பின்தகடுக்கு 0.8 மி.மீ. சி.ஆர். ஷீட் (குளிர்நிலையில் உருட்டிய, பூச்சில்லாத இரும்புத் தகடு). கடையில் 22 கேஜ் என்று கேட்டால் தருவார்கள். ஆனால் கேஜ் கணக்கு கடைக்குக் கடை மாறும், காலிபரில் அளந்து வாங்குங்கள். ஜி.ஐ. தகடு வேண்டாம். எபாக்சி அதன் துத்தநாகப் பூச்சைப் பிடிக்கும், பூச்சு இரும்பை விட்டு உரிந்தால் எல்லாம் போச்சு.

மற்றவை: 3 மி.மீ. ட்ரில் பிட், ரிவெட் துளைக்கு 3.3 மி.மீ. ட்ரில் பிட், டின் வெட்டும் கத்தரி, 80 நம்பர் உப்புத்தாள், அசிட்டோன் அல்லது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் அரை லிட்டர், 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு, 0.25 முதல் 0.30 மி.மீ. தடிமனுள்ள தூண்டில் நரம்பு, 3.2 மி.மீ. இரும்பு பாப் ரிவெட் நான்கு, சி-கிளாம்ப் மூன்று நான்கு, மரக்கட்டைத் துண்டுகள், பாலித்தீன் தாள், நைட்ரைல் கையுறை, தூசு மாஸ்க். கையுறை விஷயத்தில் சோம்பல் வேண்டாம். எபாக்சியின் ரெசினும் ஹார்டனரும் தோலில் பட்டுப் பட்டு ஒருநாள் ஒவ்வாமையாக மாறும். மாறிவிட்டால் பிறகு ஒரு துளி பட்டாலும் தோல் தடித்து அரிக்கும், அது வாழ்நாள் முழுக்க இருக்கும். கையில் பட்டுவிட்டால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். தின்னராலும் அசிட்டோனாலும் துடைத்தால் அது தோலுக்குள் இன்னும் இறங்கும்.

விரிசலின் முனையைக் கண்டுபிடிப்பது

கண்ணுக்குத் தெரியும் விரிசல் முழு விரிசல் அல்ல. முனையில் சில மில்லிமீட்டர் மூடியபடியே ஓடும். அதை விட்டுவிட்டால், ஒட்டின் அடியில் விரிசல் வளர்ந்துகொண்டே போகும்.

பழைய பட்டறை வழி இன்றும் கைகொடுக்கும். பின்பக்கத்தில் விரிசலைச் சுற்றிப் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, பஞ்சில் மண்ணெண்ணெய் நனைத்து விரிசல்மேல் தடவிப் பத்து நிமிடம் விடுங்கள். பெயின்ட் நீக்கிய முன்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைத்து, பள்ளிக்கூடச் சாக்பீஸைப் பொடித்துத் தூவித் தட்டிவிடுங்கள். வெள்ளைப் பொடிக்குள் முதலில் ஒன்றும் இருக்காது. மெல்ல ஒரு சாம்பல் கோடு ஊறி வரும். ஓரத்தில் தடித்து, மேலே போகப் போக மெலிந்து, நீங்கள் முடிந்துவிட்டதாக நினைத்த இடத்தையும் தாண்டிப் போய் நிற்கும். அந்தக் கடைசி ஈரப்புள்ளிக்கு அப்பால் 2 மி.மீ. தள்ளி சென்டர் பஞ்ச் வைத்து, 3 மி.மீ. துளை போடுங்கள். கூரிய முனையில் குவிந்திருந்த விசை வட்டத் துளையின் விளிம்பெல்லாம் பரவிவிடுவதால் விரிசல் அங்கே நின்றுபோகும். விரிசல் கிளை பிரிந்திருந்தால் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு துளை. துளையின் பிசிறை இரு பக்கமும் வழித்துவிடுங்கள், அந்தப் பிசிறே அடுத்த விரிசலுக்கு வித்து.

பிறகு விரிசலின் இரு உதடுகளும் ஒரே மட்டத்தில் நிற்கும்படி சுத்தியலும் டாலியும் (தகட்டின் பின்னால் முட்டுக் கொடுக்கும் இரும்புக் கட்டை) வைத்துத் தட்டிச் சமன்படுத்துங்கள். முன்பக்கத்தில் கோட்டின் இரு புறமும் ஒரு விரல் அகலத்துக்கு அரை மி.மீ. மட்டும் உள்ளே இறக்கிவிடுங்கள். பின்னால் மேற்பூச்சு உட்கார அந்த இடம் வேண்டும். கிரைண்டரைக் கொண்டு தகட்டை மெலிய வைத்துப் பள்ளம் எடுக்க வேண்டாம்.

பின்தகடு வெட்டுவது

எபாக்சி ஒட்டை இரண்டு தகடுகளும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கப் பார்க்கும் திசையில் இழுத்தால் அது அசையாது. ஓரத்தில் நகம் வைத்து உரிப்பதுபோல் இழுத்தால் எளிதில் திறக்கும். தகட்டின் அளவு, வடிவம், ஓரம் எல்லாமே இந்த உரிதலைத் தடுப்பதற்காகத்தான்.

விரிசலின் எல்லாப் பக்கமும் 25 மி.மீ.க்குக் குறையாமல் தகடு தாண்டி நிற்க வேண்டும். ஓரத்தில் தொடங்கும் 10 செ.மீ. விரிசலுக்கு, கீழ் மடிப்புக்கான ஒரு செ.மீ.யும் சேர்த்து சுமார் 14 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம். மூலைகளைச் சதுரமாக விடாமல், ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து வரைந்து வட்டமாக வெட்டுங்கள். விளிம்பை அரத்தால் சரிவாகத் தேயுங்கள், தகடு தன் ஓரத்தில் கத்திபோல் மெலிந்து முடிய வேண்டும். விறைத்த தகடு சட்டென்று முடியும் இடத்தில்தான் உரிதல் தொடங்கும்.

வீல் ஆர்ச் மடிப்பிலிருந்து விரிசல் கிளம்பியிருந்தால், தகடும் அந்த மடிப்பைத் தழுவி மடிய வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. தட்டையான பகுதியில் மட்டும் தகடு வைத்து, விரிசல் பிறந்த மடிப்பை அப்படியே விட்டுவிடுகிறார்கள். தகட்டின் கீழ் ஓரத்தில் ஒரு செ.மீ. அளவுக்கு எல் வடிவில் மடித்து, மடிப்பின் உட்புறத்தில் பொருந்தச் செய்யுங்கள்.

இப்போது பொறுமை தேவைப்படும் இடம். பசை இல்லாமல் தகட்டை இடத்தில் வையுங்கள். கையை எடுத்தால் அது அப்படியே படிந்து கிடக்க வேண்டும். எந்த இடத்திலும் அரை மி.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. படியாத தகட்டைக் கிளாம்ப் போட்டு அமுக்கிவிடலாம் என்று தோன்றும். அமுக்கினால் படியும், எபாக்சியும் இறுகும். ஆனால் கிளாம்பை எடுத்த நொடியிலிருந்து அந்தத் தகடு ஸ்பிரிங் போல ஒட்டை உரித்து நிமிரப் பார்த்துக்கொண்டே இருக்கும், இரவும் பகலும். ஒரு கோடை போதும் அது ஜெயிப்பதற்கு. எனவே டாலிமேல் வைத்து, முழங்கால்மேல் வைத்து வளைத்து, திரும்பத் திரும்ப வைத்துப் பாருங்கள். மார்க்கர் மை தடவி வைத்து எடுத்தால் எங்கே முட்டுகிறது என்று தெரியும்.

தகடு பொருந்தியதும் ரிவெட் துளைகளைப் போட்டுவிடுங்கள். வெளியே தெரியாத மடிப்புப் பகுதியில் இரண்டு. மேல் முனையில் வேண்டுமானால் இரண்டு, அவற்றின் தலை பள்ளத்தில் இறங்கும்படி தகட்டைக் குழித்து. 1996இல் வந்த லோட்டஸ் எலிஸ் காரின் அலுமினிய சேஸிஸ் முழுக்க எபாக்சியால் ஒட்டப்பட்டது. அதிலும் ஒட்டு உரிந்து திறக்காமல் இருக்க ஸ்க்ரூக்கள் சேர்த்திருக்கிறார்கள். நம் ரிவெட்டுக்கும் அதே வேலைதான். அலுமினிய ரிவெட் இரும்போடு சேர்ந்து ஈரத்தில் அரிக்கும் என்பதால் இரும்பு ரிவெட்டே போடுங்கள்.

சுத்தம்

ஒட்டு விட்டுப்போன வேலைகளில் பெரும்பாலானவை கெட்டது இந்தக் கட்டத்தில்தான். வரிசை முக்கியம்: முதலில் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும், பிறகுதான் தேய்க்க வேண்டும். பிசுக்கு இருக்கும்போது உப்புத்தாளை வைத்தால், அது எண்ணெயைக் கீறலுக்குள் அழுத்தி வைக்கும். அப்புறம் எடுப்பது கஷ்டம். ஃபெண்டரின் உட்புறத்தில் சேறு, கிரீஸ், அண்டர்பாடி கோட்டிங், டயர் பாலிஷிலிருந்து தெறித்த சிலிக்கோன், நாமே போட்ட மண்ணெண்ணெய் எல்லாம் இருக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்தி, அசிட்டோனால் இரண்டு முறை துடையுங்கள். ஒரு துணியால் நனைத்துத் துடைத்து, அது காயுமுன் இன்னொரு உலர்ந்த துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். ஒரே துணியால் தேய்த்துக்கொண்டிருந்தால் அழுக்கு இடம் மாறும், அவ்வளவே. பனியன் வேஸ்ட் பயன்படுத்தினால் வெள்ளைத் துணியாகப் பார்த்து எடுங்கள், சாயத்துணி அசிட்டோனில் சாயம் விடும். விலை குறைந்த லூஸ் தின்னரும் வேண்டாம். கண்ணாடிமேல் ஒரு சொட்டு விட்டுக் காயவைத்துப் பாருங்கள், வட்டமாகப் பிசுக்கு நிற்கும்.

பிறகு 80 நம்பர் உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாகத் தேயுங்கள். பெயின்ட், பிரைமர், துரு எதுவும் மிஞ்சாமல் வெறும் தகடு வெளியே தெரிய வேண்டும். பளபளப்பாக இருந்தால் போதாது, மங்கிய சாம்பலாகக் கீறல் நிறைந்திருக்க வேண்டும். பின்தகட்டின் ஒட்டும் முகத்துக்கும் இதே சிகிச்சை.

தேய்த்து முடித்ததும் ஒரு சோதனை. சுத்தமான தண்ணீரைத் தகட்டின்மேல் மெல்ல ஊற்றுங்கள். கண்ணாடித் தாள் போலப் பரந்து கால் நிமிடம் நின்றால் சுத்தம். நடுவில் எங்காவது தண்ணீர் விலகி முத்து முத்தாகத் திரண்டால் அங்கே பிசுக்கு இருக்கிறது. மீண்டும் துடைக்கும் வேலையிலிருந்து தொடங்குங்கள். சோதனை முடிந்ததும் உடனே ஹேர் டிரையரால் உலர்த்தி, கடைசியாக ஒருமுறை ஆல்கஹால் துடைப்பு. அதற்குப் பிறகு வெறும் விரல் படக் கூடாது. அரை மணிக்குள் பசை போட்டுவிட வேண்டும், சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். உப்புக்காற்றில் வெறும் தகடு கண்ணெதிரே பழுப்பேறும். மழை பெய்துகொண்டிருக்கும் நாளிலும் பனி இறங்கும் அதிகாலையிலும் ஒட்டாதீர்கள். குளிர்ந்த தகட்டில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்திருக்கும்.

கலவை

அரால்டைட் ஸ்டாண்டர்டுக்கு எடைக்கணக்கில் ரெசின் 100க்கு ஹார்டனர் 80. கனஅளவில் சரிக்குச் சரி. இரண்டு கணக்கையும் குழப்பித் தராசில் சரிக்குச் சரி போடுகிறவர்கள் நிறையப் பேர். வேறு பசை என்றால் அதன் டப்பாவில் உள்ள கணக்கே செல்லும்.

பட்டிக்குக் கை பழகியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: சீக்கிரம் காய வேண்டுமென்றால் ஹார்டனரைக் கொஞ்சம் கூட்டிப் போடுவார்கள். பட்டியில் அந்தப் பெராக்சைடு ஹார்டனர் வேலையைத் தொடங்கிவைக்கும் தீக்குச்சி போல. கூடினால் வேகம் கூடும். எபாக்சியில் ஹார்டனர் ரெசினோடு ஒன்றுக்கு ஒன்று கைகோக்கும் ஜோடி. கூட்டிப் போட்டால் ஜோடி கிடைக்காத ஹார்டனர் உள்ளேயே தங்கி, ஒட்டு ரப்பர் போலத் தொளதொளவென்று நிற்கும். குறைத்துப் போட்டாலும் இறுகாது. சீக்கிரம் வேண்டுமானால் சூட்டைக் கூட்டுங்கள், அளவைத் தொடாதீர்கள்.

எவ்வளவு வேண்டும்? 14 × 6 செ.மீ. தகட்டுக்கு 0.3 மி.மீ. படலம் என்றால் 2.5 மி.லி. மட்டுமே. இரு முகத்திலும் பூசுவது, ஓரத்தில் பிதுங்குவது, முன்பக்கக் கோட்டை நிரப்புவது எல்லாம் சேர்த்து 12 கிராம் கலந்தால் தாராளம்: ரெசின் 6.7 கிராம், ஹார்டனர் 5.3 கிராம். தட்டையான மூடியிலோ ஓட்டுத் துண்டிலோ கலக்குங்கள். குறுகிய கப்பில் நிறையக் கலந்தால் அதன் சூடு அதற்குள்ளேயே தங்கி, பூசுமுன் புகைந்து கல்லாகிவிடும்.

கலக்குவது மூன்று முழு நிமிடம். முதலில் சர்க்கரைப் பாகில் இழை ஓடுவதுபோலக் கோடு கோடாகத் தெரியும். அந்தக் கோடுகள் மறையும்வரை கலக்கி, தட்டின் ஓரத்தையும் அடியையும் குச்சியின் முதுகையும் வழித்து நடுவில் சேர்த்து இன்னும் ஒரு நிமிடம் கலக்குங்கள். வழிக்காமல் விட்ட ஓரத்துப் பசைதான் நாளைக்கு இறுகாத பிசுபிசுப்பாக ஒட்டில் நிற்கும்.

கலவையில் மிஞ்சியதை வைத்து ஒரு சோதனை ஒட்டும் போட்டுவிடுங்கள். அதே தகட்டில் 25 மி.மீ. அகலத்தில் இரண்டு பட்டைகள், அதே சுத்தம், ஒன்றின்மேல் ஒன்று 12.5 மி.மீ. ஏறியிருக்கும்படி. சதுர மில்லிமீட்டருக்கு 10 நியூட்டன் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் இந்தத் தபால்தலை அளவு ஒட்டு நேர் இழுவையில் 300 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும்.

ஒட்டுவது

இரு முகத்திலும் முதலில் மெல்லிய பூச்சு. பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் அழுத்தித் தேய்த்துப் பூசுங்கள், கீறலுக்குள் இறங்க வேண்டும். பிறகு பின்தகட்டின் நடுவில் நீளவாக்கில் தடிமனாக ஒரு வரி போட்டு, நான்கைந்து தூண்டில் நரம்புத் துண்டுகளைக் குறுக்கே வையுங்கள். நரம்பையும் ஆல்கஹாலில் துடைத்திருக்க வேண்டும். கிளாம்ப் எவ்வளவு இறுகினாலும் அந்த நரம்பின் தடிமனுக்குப் பசை நடுவில் மிஞ்சும். சில பேனல் பசைகளில் கண்ணாடி மணிகள் ஏற்கெனவே கலந்திருக்கும், அவற்றுக்கு நரம்பு வேண்டாம்.

தகட்டை ஒரு ஓரத்திலிருந்து படியவைத்து, நடுவிலிருந்து வெளியே அமுக்குங்கள், காற்று வெளியேறிவிடும். வைத்த பிறகு தூக்கிப் பார்க்கக் கூடாது, தூக்கினால் காற்றை உள்ளே இழுக்கும். இடம் சரிசெய்ய வேண்டுமானால் வழுக்கி நகர்த்தலாம். ரிவெட்டை அடியுங்கள். பாலித்தீன் தாள் வைத்து மரக்கட்டை வைத்து கிளாம்ப் போடுங்கள். சுற்றிலும் பசை மணியாகப் பிதுங்கி வந்தால் அதுவே போதுமான இறுக்கம். பிதுங்காத இடத்தில் பசை இல்லை என்று அர்த்தம். பிதுங்கியதைத் துடைத்தெறியாமல் தகட்டு விளிம்பில் சரிவாக வழித்துவிடுங்கள், அது ஓரத்தை உரியாமல் காக்கும். முன்பக்கத்தில் விரிசலிலும் துளையிலும் பசை வெளியே எட்டிப் பார்க்கும். அதை ஸ்கிரேப்பரால் இழுத்துப் பள்ளத்தில் மட்டமாக்குங்கள்.

காத்திருப்பும் சூடும்

25 டிகிரி சூட்டில் அரால்டைட் ஸ்டாண்டர்டைக் கலந்தபின் ஒன்றரை மணி நேரம்வரை வேலை செய்யலாம். கிளாம்பைக் கழற்றப் பத்து மணி நேரமாவது ஆகும். நடைமுறையில் மறுநாள் எடுங்கள். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் 10 டிகிரி என்றால் ஒன்றரை நாள் ஆகும், அங்கே விளக்குச் சூடு கட்டாயம்.

நம் வெயிலை மறக்கக் கூடாது. அறைச்சூட்டில் இறுகிய எபாக்சி 45 டிகிரிக்கு மேல் இளக ஆரம்பிக்கும். மே மாதத்தில் கறுப்பு நிறத் தகடு அதையும் தாண்டிச் சுடும். அதனால் கிளாம்ப் இருக்கும்போதே, பசை தானாக உறைந்து கெட்டியான பிறகு, ஹாலஜன் விளக்கால் 60 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடு காட்டுங்கள். எபாக்சி அப்போது இன்னும் இறுகி, பின்னால் வரும் வெயிலுக்குத் தாங்கும். உறையுமுன் சூடு காட்டினால் பசை தண்ணீராகி வழிந்துவிடும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வெறும் உலோகத்தில் குறைத்துக் காட்டும். ஒரு துண்டு பேப்பர் டேப் ஒட்டி அதன்மேல் அளவெடுங்கள்.

மறுநாள் சோதனைப் பட்டையை வைஸில் பிடித்து, ஒரு முனையை இடுக்கியால் வளைத்து உரித்துத் திறங்கள். இரு தகட்டிலும் பசை ஒட்டியிருந்தால், அதாவது பசையே நடுவில் கிழிந்திருந்தால், உங்கள் சுத்தம் சரி. ஒரு முகம் வெறும் உலோகமாக வழுக்கிக்கொண்டு வந்திருந்தால் சுத்தம் போதவில்லை. ஃபெண்டரில் இருக்கும் ஒட்டும் அப்படித்தான். பெயின்ட் அடிக்குமுன் பிரித்து மறுபடி செய்வது நல்லது. பிளேடு போல மெலிந்த உளியும் ஹீட் கன்னும் இருந்தால், ரிவெட்டைத் துளைத்து எடுத்துவிட்டுச் சூடாக்கிப் பிரிக்கலாம். அந்தப் புகையை மூச்சில் இழுக்காதீர்கள்.

முன்பக்கமும் பின்பக்கமும்

எபாக்சி முழுதாக இறுகியபின்தான் மேலே பாலியெஸ்டர் பட்டி. இறுகாத எபாக்சியில் மிஞ்சிய ஹார்டனர் பட்டியைக் காயவிடாது. அடியில் பசபசவென்று நிற்கும், பிறகு தோலாக உரியும். 80 நம்பரால் தேய்த்து, எபாக்சி பிரைமர் ஒரு கோட், அதன்மேல் பட்டி 2 மி.மீ.க்குள். பிறகு வழக்கமான வேலை: 180, 320 தேய்ப்பு, சர்ஃபேசர், 800 தண்ணீர்த் தேய்ப்பு, நிறம், கிளியர். கோட்டுமேல் எபாக்சியைத் தடிமனாக விட்டிருந்தால் வெயிலில் அது இரும்பைவிடப் பல மடங்கு விரியும், பெயின்ட்டில் மேடாகத் தெரியும். அதற்காகத்தான் முன்பக்கத்தில் மெல்லியதாக வைக்கச் சொன்னோம்.

பின்பக்கத்துக்கு யாரும் மெனக்கெடுவதில்லை, ஒட்டின் ஆயுளோ அங்கேதான் இருக்கிறது. தகட்டைச் சுற்றி எபாக்சி பிரைமர், விளிம்பு முழுக்க சீம் சீலர் (இணைப்பு இடுக்கை அடைக்கும் பசை), அது காய்ந்ததும் அண்டர்பாடி கோட்டிங். டயர் அடிக்கும் கல்லும் தண்ணீரும் நேராக அங்கேதான் படும். லைனரைப் புதுக் கிளிப்களோடு மாட்டுங்கள், ஒரு கிளிப்கூட விடாமல்.

பிளாஸ்டிக்கும் ஃபைபரும் வேறு

பம்பர் உடைந்தால் இதே எபாக்சியைத் தூக்காதீர்கள். பம்பரின் உட்புறத்தில் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் பாருங்கள். பி.பி. என்று தொடங்கினால் அது பாலிபுரோப்பிலீன். சாதாரண எபாக்சி அதில் பிடிக்கவே பிடிக்காது, அட்டை போலக் கழன்று வரும். அதற்கு அதே பி.பி. குச்சி வைத்துப் பிளாஸ்டிக் வெல்டிங்தான். துண்டைத் தண்ணீரில் போட்டு மிதந்தால் பி.பி. என்று சொல்வார்கள். டால்க் கலந்த பம்பர் பிளாஸ்டிக் மூழ்கவும் செய்யும், எழுத்தையே நம்புங்கள்.

எஃப்.ஆர்.பி. (கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்த ஃபைபர்) தகடு என்றால் பின்தகடுக்குப் பதில் கண்ணாடித் துணி. நெய்த துணியாக வாங்குங்கள். தூவிய இழைப் பாய் வேண்டாம். அந்தப் பாயின் இழைகளைப் பிடித்துவைத்திருக்கும் பசை பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்காகப் போட்டது. எபாக்சியில் அது கரையாது, பாய் விறைத்துக்கொண்டு படியாது. அரால்டைட் ஸ்டாண்டர்டு துணியில் ஊறாத அளவுக்குக் கெட்டி. லேப்பாக்ஸ் எல்-12 ரெசின் 100க்கு கே-6 ஹார்டனர் 10 என்ற எடைக்கணக்கில் கலந்தால் துணி நன்றாக நனையும். துணியின் எடைக்குச் சமமாக ரெசின் போதும். முதல் துண்டு சின்னதாக, மேலே வரும் ஒவ்வொன்றும் ஒரு அங்குலம் பெரிதாக, மூன்று நான்கு அடுக்கு. வெள்ளையாக எங்காவது தெரிந்தால் அங்கே காற்று நிற்கிறது, பிரஷ் நுனியால் குத்திக் குத்தி வெளியேற்றுங்கள். கார்பன் ஃபைபர் துணி மிஞ்சியிருக்கிறதே என்று இரும்புத் தகட்டின்மேல் வைக்க வேண்டாம். கார்பனும் இரும்பும் ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பு அரித்துப்போகும்.

வண்டியில் மாட்டி இரண்டு மூன்று மாதம் ஓடியபின் ஒருநாள் லைனரைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். தகட்டு விளிம்பைச் சுற்றி சீலர் முழுசாக இருக்கிறதா, மடிப்பு மூலையில் நகம் நுழைகிற இடைவெளி ஏதும் உண்டா, பழுப்பு நீர் வடிந்த தடம் இருக்கிறதா என்று. ஓரத்தில் இடைவெளி தெரிந்தால் அதைச் சீலரால் மூடி மறைக்காதீர்கள், தகட்டை எடுத்துவிட்டுத் திரும்ப ஒட்டுங்கள்.